பயாப்ஸிக்கு முன்னால் டப்பாவைப் பற்றிக் கேளுங்கள்

கழுத்தின் பக்கவாட்டில் எனக்கு நெறி கட்டியிருந்தது, வாரக்கணக்கில் வற்றவே இல்லை. ஊசியால் உறிஞ்சிப் பார்த்தும் தெளிவான முடிவு வராததால், ஒரு நெறிக்கட்டியை முழுதாக எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸி செய்யச் சொன்னார் மருத்துவர். காசநோயா, லிம்போமா என்கிற நிணநீர்ப் புற்றுநோயா என்று இரண்டு சந்தேகத்தையும் சீட்டில் எழுதியிருந்தார். காசநோய்க் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையும் வேண்டும் என்று தனியாகக் குறித்திருந்தார்.

அந்தச் சீட்டோடு போன இடத்தின் பெயரை எழுதவில்லை. அங்கே நடந்தது வேறு எங்கும் நடக்கலாம் என்பதால் இதைச் சொல்கிறேன்.

வெட்டியதில் குறை இல்லை. மரத்துப்போக ஊசி போட்டார்கள், வலி தெரியவில்லை, தையலும் சுத்தமாக இருந்தது. அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆனால் எடுத்த கட்டி மொத்தத்தையும் ஒரே டப்பா ஃபார்மலினில் போட்டுவிட்டார்கள். கல்ச்சருக்குத் தனியாக எடுத்தீர்களா என்று அங்கேயே கேட்டேன். "அதெல்லாம் லேப்ல பாத்துப்பாங்க" என்றார்கள். சில நாள் கழித்து லேபிலிருந்து, ஃபார்மலினில் வந்த சதையில் கல்ச்சர் செய்ய முடியாது என்று தகவல் வந்தது.

ஃபார்மலின் சதை அழுகாமல் அப்படியே நிலைக்கச் செய்யும். மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதற்கு அது கட்டாயம் தேவை, சதையின் அளவைப் போல 10 மடங்காவது ஊற்ற வேண்டும். ஆனால் அது கிருமிகளையும் கொன்றுவிடும். செத்த கிருமி கல்ச்சரில் எப்படி வளரும்? அதற்கென ஒரு துண்டைக் கிருமி நீக்கிய டப்பாவில், காய்ந்துபோகாமல் கொஞ்சம் சலைனோடு உடனே அனுப்ப வேண்டும். லிம்போமா சந்தேகத்துக்குச் செய்கிற, செல்களை வகை பிரித்துப் பார்க்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி சோதனைக்கும் ஃபார்மலின் படாத உயிருள்ள செல்கள் வேண்டும். ஆக என் சீட்டைப் படித்த எவருக்கும் ஒரு டப்பா போதாது என்று தெரிந்திருக்க வேண்டும். யாரும் படிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

ரிப்போர்ட்டில் லிம்போமா இல்லை, காசநோய் போலத் தெரிகிறது என்று வந்தது. வழக்கமான நான்கு மருந்துகளையும் ஆரம்பித்தார்கள். சிகிச்சை நடக்கும்போதே பக்கத்தில் இன்னொரு நெறி வீங்கியது. நிணநீர்க் கட்டிக் காசநோயில், மருந்து சரியாக வேலை செய்யும்போதுகூட இப்படி வீங்குவது உண்டாம். மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியாக இருந்தாலும் வீங்கும். எது என்று பிரித்துச் சொல்ல, முதல் கட்டியின் கல்ச்சர் முடிவு கையில் இருந்திருக்க வேண்டும். அது இல்லாமல் நான் பட்ட பயத்தைச் சொல்லி முடியாது.

மறுபடி வெட்ட வேண்டியதாயிற்று, இந்த முறை வேறு இடத்தில். அங்கே கத்தியை எடுப்பதற்கு முன்பே டப்பாக்களை வரிசையாக வைத்து, மூடியில் ஒட்டாமல் டப்பாவின் மேலேயே லேபிள் ஒட்டி, பெயரையும் பிறந்த தேதியையும் என்னிடம் வாசித்துக் காட்டினார் நர்ஸ். கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பெர்ட் பரிசோதனையில், அந்த நான்கு மருந்துகளில் முக்கியமான ரிஃபாம்பிசினுக்குக் கிருமியிடம் எதிர்ப்பு இல்லை என்று தெரிந்தது. சில மணி நேரத்தில் முடிகிற பரிசோதனை அது. முதல் கட்டியிலேயே செய்திருக்கலாம். கல்ச்சர் முடிவுக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், ஆனால் மற்ற மருந்துகளின் நிலையும் அதிலிருந்துதான் முழுதாகத் தெரியும்.

முதல் இடத்தில் போய்க் கேட்டபோது, "நோய் என்னன்னு ரிப்போர்ட் வந்துடுச்சே, அப்புறம் என்ன?" என்றார்கள். இது எனக்கு இன்னும் ஆறவில்லை. அவர்களுடைய கவனக்குறைவுக்காக என் கழுத்தில் இரண்டாவது தடவை கத்தி பட்டிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கழுத்தின் பக்கவாட்டில், தோளைத் தூக்க உதவும் நரம்பு ஒன்று தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. அது அடிபட்டால் கையை மேலே தூக்கவே சிரமமாகிவிடும். முதல் இடத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, மேஜையில் படுத்த பிறகுதான் ஒப்புதல் படிவத்தை நீட்டினார்கள். படிவத்தை முன்கூட்டியே வாங்கி, உட்கார்ந்து படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

"என்னென்ன பரிசோதனைக்குப் போகிறது, எத்தனை டப்பா, எதில் ஃபார்மலின், எதில் சலைன்?" என்று வெட்டுகிறவரிடமே நேராகக் கேளுங்கள். மருத்துவரின் சீட்டு அவர் கண்ணில் படும்படி கொடுங்கள். சரியான பதில் வரவில்லை என்றால் தேதியைத் தள்ளிவைக்கலாமா என்று உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள். ஏற்கெனவே எல்லாம் ஃபார்மலினில் போய்விட்டதா? லேபில் சதையை மெழுகில் பதித்த பாரஃபின் பிளாக்கும் ஸ்லைடும் இருக்கும், அவற்றைக் கேட்டு வாங்கி இன்னொரு நோயியல் மருத்துவரிடம் காட்டலாம். அந்த பிளாக்கிலிருந்து, கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனையை முயற்சி செய்யவும் வழி உண்டு, புதுச் சதை அளவுக்கு நம்பகமாக இருக்காது என்றாலும்.