கரையும் ஸ்க்ரூ என்றார்கள், எக்ஸ்ரேயில் மரை தெரிகிறது

கபடியில் தம்பிக்கு முழங்கால் ஜவ்வு கிழிந்தது, ஏ.சி.எல். ஆபரேஷனுக்கு முந்தின சாயங்காலம் ஒருவர் அறைக்கு வந்தார். டாக்டர் இல்லை, கோ-ஆர்டினேட்டராம். புது ஜவ்வை எலும்போடு பிடித்து வைக்கிற ஸ்க்ரூவைப் பற்றிப் பேசினார். "டைட்டானியம் ஸ்க்ரூ ஆயுசுக்கும் உள்ளேயே கிடக்கும். பயோ ஸ்க்ரூ ஒரே வருஷத்துல கரைஞ்சு எலும்பாயிடும். 16,000 ரூபாய்தான் கூட, சின்னப் பையன், யோசிக்காதீங்க." அம்மா என்னைப் பார்த்தார். கட்டிவிட்டோம்.

நாலு மாதம் கழித்து பைக்கிலிருந்து விழுந்து அதே காலில் அடி. எங்கள் ஊர் டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "என்ன ஸ்க்ரூ வெச்சாங்க?" என்றார். பயோ ஸ்க்ரூ என்றேன். ஒன்றும் பேசாமல் ஃபிலிமை என் பக்கம் திருப்பினார். முழங்காலுக்குக் கீழே எலும்பில், மரை மரையாக, வெள்ளைவெளேரென்று ஒரு ஸ்க்ரூ.

அவர் சொல்லித்தான் தெரியும். கரையும் ஸ்க்ரூ பெரும்பாலும் பாலிலாக்டிக் அமிலம் என்கிற பாலிமர். உடம்பின் ஈரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக உடைந்து, கடைசியில் தண்ணீரும் கார்பன் டை ஆக்சைடுமாகப் போய்விடும். எக்ஸ்ரேயில் அது தெரியாது, எலும்பில் போட்ட துளைதான் கறுப்பாகத் தெரியும். கால்சியம் பாஸ்பேட் கலந்ததென்றால் லேசாக நிழல் தட்டலாம், இப்படிப் பளிச்சென்று மின்னாது. அந்த ஒரு வருஷக் கணக்கும் சும்மா. சில வகை பல வருஷம் அப்படியே இருக்குமாம், கரைந்த இடத்தில் எலும்பு நிரம்பாமலும் போகலாம், சிலருக்கு நீர்க்கட்டியும் வருமாம். இதில் ஒரு வார்த்தைகூட அந்த சாயங்காலம் எங்களிடம் சொல்லவில்லை.

மருத்துவமனை பில்லிங்கில் போய்க் கேட்டால், "அது எண்டோபட்டன் சார், அது டைட்டானியம்தான்" என்றார்கள். எண்டோபட்டன் என்பது ஜவ்வின் மேல் முனையைப் பிடித்து வைக்கிற சின்ன உலோகப் பட்டன், அது இருப்பது நிஜம். ஆனால் அது மேலே, தொடை எலும்பில், நெல்மணி மாதிரி தனியாகத் தெரிகிறது. நான் விரல் வைத்துக் காட்டியது கீழே இருப்பதை.

உள்ளே வைக்கிற ஒவ்வொரு பொருளின் பாக்கெட்டிலும் லாட் நம்பரோடு ஸ்டிக்கர் வரும், அதைக் கேஸ் ஷீட்டில் ஒட்ட வேண்டும். எங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியில் அது இல்லை. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ரெக்கார்டு தரவேண்டும் என்று 2002 மருத்துவ கவுன்சில் விதி இருக்கிறது, அதைக் குறிப்பிட்டு எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் நகல் வந்தது. ஸ்டிக்கரில் டைட்டானியம், பில்லில் பயோ.

"கிளரிக்கல் மிஸ்டேக்" என்றார்கள். இனி புகார் எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தால் 16,000-ஐத் திருப்பித் தருவார்களாம். கையெழுத்துப் போடவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கொடுக்க 2 வருஷம் அவகாசம் உண்டு, மனு தயாராகிறது.

டைட்டானியம் ஒன்றும் கெடுதல் இல்லை, தம்பி நன்றாகத்தான் நடக்கிறான். எங்கள் சண்டை சொன்னதற்கும் வைத்ததற்கும் உள்ள வித்தியாசத்துக்கு. இந்த வாரம் யார் வீட்டிலாவது ஜவ்வு ஆபரேஷன் என்றால், கடைசி பில் கட்டுவதற்கு முன்னால் ஸ்டிக்கரைக் கேளுங்கள், ஆபரேஷனுக்குப் பிறகு எடுத்த எக்ஸ்ரேயையும் கையோடு வாங்குங்கள். எங்களுக்கு அந்த ஃபிலிமை இன்னும் தரவில்லை.