‘ஒருமுறை சுட்டது’ என்று விற்கப்படும் மேக்னம் கேஸ்கள்: வாங்கும் முன் இதைப் படியுங்கள்

மேக்னம் ரைஃபிளுக்குச் சொந்தமாகத் தோட்டா நிரப்புகிறவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ‘ஒரே ஒருமுறை சுட்டது, எல்லாம் ஒரே கம்பெனி முத்திரை, கழுவி மெருகேற்றியது’ என்ற விளம்பரத்தைப் பார்த்து, இணையத்தில் ‘300 வின்செஸ்டர் மேக்னம்’ என்ற ரகத் தோட்டாவின் காலி கேஸ்கள் (மருந்தையும் குண்டையும் தாங்கும் பித்தளைக் கூடுகள்) வாங்கினேன். சொன்னவற்றில் மெருகு ஒன்றுதான் உண்மை.

பொட்டலத்தைப் பிரித்து அடிப்பக்கத்தைப் பார்த்ததுமே பல கம்பெனி முத்திரைகள் கலந்திருப்பது தெரிந்தது. இதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிட முடியாது. ஒவ்வொரு கம்பெனியின் கேஸிலும் சுவரின் தடிமன் வேறு. கேஸ் கனமாக இருந்தால் உள்ளே இடம் குறைவு. அதே அளவு வெடிமருந்து போட்டாலும் அழுத்தம் ஏறும். இந்த ரகத்துக்கு அமெரிக்கத் தர அமைப்பு வகுத்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 64,000 பவுண்டு. ஏற்கெனவே உச்சியை ஒட்டி நிரப்பப்படும் தோட்டாவில் கேஸ் மாறுவது விளையாட்டில்லை.

அடுத்து, குண்டு செருகும் வாய். பல கேஸ்களில் வாயைப் புதிதாகச் சீவிய தடம் இருந்தது. இந்தக் கேஸின் உச்ச நீளம் 2.620 அங்குலம். சுடச்சுட, அளவு திருத்தத் திருத்த, பித்தளை முன்னோக்கி நகர்ந்து கேஸ் நீளும், அதனால்தான் சீவுகிறோம். ஒரே ஒருமுறை சுட்ட கேஸில் அந்த வேலைக்குப் பெரும்பாலும் அவசியமே வராது. அதோடு, மேலே நீண்ட பித்தளை கீழே எங்கிருந்தோதான் வந்திருக்கிறது. எங்கே மெலிந்திருக்கிறது என்பதுதான் உயிர் போகிற கேள்வி.

அடிப்பகுதியைச் சுற்றி ‘பெல்ட்’ என்ற தடித்த வளையம் உள்ள, நான் வாங்கியது போன்ற மேக்னம்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் முக்கியம். 1912-இல் வந்த 375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் தோட்டாவிலிருந்து வந்த பெல்ட் இது. புதுத் தோட்டா சேம்பரில் (துப்பாக்கியில் தோட்டா அமரும் அறை) பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும். கேஸ் கழுத்தாகக் குறுகும் தோள்பகுதிக்கு முன்னால் இடைவெளி கிடக்கும். சுட்டதும் முன்பகுதிச் சுவர் சேம்பரை இறுகப் பற்றிக்கொள்ள, அடிப்பகுதி, சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டை நோக்கிப் பின்னால் தள்ளப்படும். இடையில் இழுபடுவது பெல்ட்டுக்குச் சற்று மேலே உள்ள சுவர். அப்புறம் கேஸைப் பழைய அளவுக்கு அழுத்தும் டையில் போட்டுத் தோளை முழுவதுமாகப் பின்னுக்குத் தள்ளினால், அடுத்த முறையும் அதே இழுப்பு, அதே இடத்தில். ஒருநாள் கேஸ் அங்கேயே இரண்டாகப் பிரியும். அந்தச் சூடான வாயு பின்னோக்கி வந்தால் பாதிக்கப்படுவது சுடுபவரின் கண்ணும் முகமும்தான்.

மெலிவு வெளியே தெரியாது. சில சமயம் பெல்ட்டுக்கு மேல் ஒரு பளிச்சென்ற வளையம் தெரியும். மெருகேற்றினால் அதுவும் மறைந்துவிடும். எனக்கு வந்தவை உள்ளும் புறமும் ஒரே பளபளப்பு. மெல்லிய கம்பியின் நுனியைக் கூராக்கி வளைத்து, உள்ளே விட்டு, அடியிலிருந்து மேல்நோக்கி வருடினேன். நுனி ஒரு பள்ளத்தில் சிக்கியது. அந்தக் கேஸை நீளவாக்கில் அறுத்தபோது, சுவரைச் சுற்றி உள்பக்கம் காடி வெட்டியது போல மெலிந்திருந்தது கண்ணுக்கே தெரிந்தது. வேறு சிலவற்றில் பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) தடையே இல்லாமல் உள்ளே போனது. பிரைமர் குழி அப்படித் தளர்வது அதிக அழுத்தத்தில் சுட்டதன் அடையாளம். யாரோ வரம்பு மீறி நிரப்பிச் சுட்டு ஒதுக்கியவை இவை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அறுத்த கேஸைப் படமெடுத்து அனுப்பினேன். “சார், வெளியில விரிசல் தெரியுதா? தெரிஞ்சா மாத்தித் தரேன். அறுத்ததை எப்படித் திரும்ப எடுக்கறது?” என்றார் விற்றவர். அறுக்காத மிச்சத்தையாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்றதற்குப் பதிலே இல்லை. எதைப் போட்டுக் கழுவினீர்கள் என்றும் கேட்டேன், அதற்கும் இல்லை. கழுவும் திரவம் முக்கியம். தோட்டாப் பித்தளையில் ஏறக்குறைய 70 சதவீதம் செம்பு, 30 சதவீதம் துத்தநாகம். உள்ளிறுக்கம் தங்கிய இந்தப் பித்தளையில் அம்மோனியா பட்டால் நாளடைவில் விரிசல் விடும். சில மெருகுத் திரவங்களில் அம்மோனியா இருக்கிறது.

என்னைக் கேட்டால், மேக்னத்துக்குப் புதுக் கேஸ் வாங்குங்கள். இல்லையென்றால் உங்கள் துப்பாக்கியிலேயே முதலில் சுட்ட கேஸை எடுத்து, எத்தனை முறை நிரப்பினீர்கள் என்று எழுதி வையுங்கள். புதுக் கேஸின் கழுத்தில் நீலமும் பழுப்புமாகக் கறை இருந்தால் பயப்பட வேண்டாம். கழுத்தைச் சூடாக்கி மென்மையாக்கியதன் தடம் அது. சில கம்பெனிகள் அதைத் துடைக்காமலே விடுகின்றன. பழையதுதான் கிடைக்கிறது என்றால், மெருகேற்றாத, பழைய பிரைமர் எடுக்காத கேஸாகக் கேளுங்கள். அழுக்கோடு வந்தாலும் பரவாயில்லை, அழுத்தத்தின் தடங்களை நீங்களே பார்க்கலாம். தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

என்னிடம் வந்தவை வேறு யார் கைக்கும் போகக் கூடாது என்று எல்லாவற்றின் வாயையும் இடுக்கியால் நசுக்கிப் பழைய உலோகத்தோடு போட்டுவிட்டேன். இதே மாதிரி விளம்பரத்தைப் பார்த்து வாங்கி, ஏற்கெனவே மருந்து நிரப்பி வைத்திருக்கிறீர்களா? ஒன்றைச் சுட்டுப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். முதலில் குண்டைக் கழற்றி மருந்தைக் கொட்டிவிட்டு, ஒவ்வொன்றையும் கம்பியால் வருடிப் பாருங்கள்.