வண்ணாரப்பேட்டை ஸ்கேன் மையம்: மூளைக் கட்டியை வகை பிரித்துச் சொன்ன எம்ஆர்ஐ

திருநெல்வேலி வண்ணாரப்பேட்டைப் பகுதியில் உள்ள ஒரு தனியார் ஸ்கேன் மையத்தில் எங்கள் ஆச்சிக்கு மூளை எம்ஆர்ஐ எடுத்தோம். தலைக்குள் இருப்பது எந்த வகைக் கட்டி என்று பிரித்தறிவதற்காகவே சென்றோம் என்பதால், அந்த வேலையை அவர்கள் எவ்வளவு பொறுப்பாகச் செய்தார்கள் என்பதைத்தான் இங்கே முதன்மையாக எழுதுகிறேன்.

இதற்கு முன் வேறோர் இடத்தில் கட்டியைத் தெளிவாகக் காட்டும் மருந்து ஏற்றாமல் படம் எடுத்து, மூளையின் இடப்பக்கம் ஒரு கட்டி இருப்பதாக மட்டும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். கட்டி மூளையின் உறையிலிருந்து வளரும் மெனிஞ்சியோமாவா, மூளைத் திசுவிலேயே வேகமாக வளரும் புற்றான கிளையோபிளாஸ்டோமாவா, வேறு உறுப்பிலிருந்து பரவிய புற்றுநோயா என்பதைப் பொறுத்து அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, நோயாளியின் ஆயுள் என எல்லாமே மாறும்போது, அப்படி ஓர் அறிக்கையை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் எந்த முடிவும் எடுக்க இயலாது.

இங்கே முன்பதிவின்போதே, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை முடிவைக் கேட்டார்கள். படத்தில் கட்டியை ஒளிரச் செய்யும் கடோலினியம் என்ற மருந்தை ரத்தக்குழாய் வழியாக ஏற்றுமுன் சிறுநீரகம் சரியாக இயங்குகிறதா என்று பார்ப்பது அவசியம். பேஸ்மேக்கர், தலையில் பழைய அறுவையின்போது வைத்த கிளிப் ஏதும் உண்டா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார்கள். ஆச்சியின் மூக்குத்தித் திருகு பல ஆண்டுகளாகக் கழற்றாமல் இறுகிப்போயிருந்தது. பெண் ஊழியர் ஒருவர் தேங்காய் எண்ணெய் தொட்டு, வலிக்காமல் மெல்லத் திருகி எடுத்துத் தாளில் மடித்து என் கையில் கொடுத்தார். “ஆச்சி, சத்தம் பெருசாக் கேக்கும், பயப்படாதிய, தலைய மட்டும் அசைக்காம படுத்துக்கிடுங்க” என்று சொல்லிக் காதடைப்பானும் வைத்துவிட்டார். எம்ஆர்ஐயில் கதிர்வீச்சு கிடையாது. ஆனால் அசைந்தால் படம் கெட்டுவிடும் என்பதால் இந்தப் பக்குவமான பேச்சும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

படம் எடுத்தபின் கதிரியக்க மருத்துவர் எங்களைத் திரைக்கு முன் அமர்த்தி விளக்கியதுதான் இம்மையத்தின் பெரும் சிறப்பு. கட்டிக்கும் மூளைத் திசுவுக்கும் நடுவே, மூளையைச் சூழ்ந்திருக்கும் தண்டுவட நீர் மெல்லிய கோடாகத் தெரிந்தது. ஆகவே கட்டி மூளைக்கு வெளியே, உறையிலிருந்து வளர்ந்தது என்றார். மருந்து ஏற்றியபின் அது முழுவதும் ஒரே சீராக ஒளிர்ந்ததையும், அதன் ஓரத்தில் உறை தடித்து வாலாக நீண்டிருந்ததையும் காட்டி, இவை மெனிஞ்சியோமாவைக் குறிக்கும் அடையாளங்கள் என்றார். கிளையோபிளாஸ்டோமாவாக இருந்தால் பெரும்பாலும் நடுப்பகுதி அழுகி, சுற்றிலும் ஒழுங்கற்ற வளையமாக ஒளிரும். பரவிய புற்றாக இருந்தால் பல இடங்களில் காணப்படலாம், கட்டியின் அளவை மீறிய வீக்கமும் இருக்கலாம். நம் நாட்டில் காசநோய்க் கட்டியும் சீழ்க்கட்டியும் இதேபோல் வளையமாகத் தோன்றக்கூடும். அப்போது திசுவுக்குள் நீரின் நகர்வைக் காட்டும் டிஃப்யூஷன் படமும், கட்டியிலுள்ள வேதிப்பொருள்களைக் காட்டும் ஸ்பெக்ட்ரோஸ்கோபியும் உதவும் என்றும், சீழ் டிஃப்யூஷனில் பளிச்சென்று தெரியும் என்றும் பொறுமையாகச் சொன்னார்.

எம்ஆர்ஐ சொல்வது வலுவான ஊகம்தான், உறுதியான முடிவு திசுப் பரிசோதனையில்தான் என்பதையும் மறைக்காமல் அறிக்கையிலேயே எழுதியிருந்தார். உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வகைப்பாட்டின்படி பல கட்டிகளுக்கு மரபணு மாற்றத்தையும் பார்த்தே பெயரிட வேண்டியிருப்பதால் இந்த நேர்மை முக்கியமானது. அறுவைக்குப் பின் வந்த திசு முடிவும் மெனிஞ்சியோமா என்றே இருந்தது.

குறைகளும் உண்டு. மருந்துக்கான தனிக் கட்டணத்தை முன்கூட்டியே சொல்லவில்லை. பணம் கட்டும் இடத்தில்தான் தெரிந்தது. காத்திருக்கும் அறையில் குளிர் அதிகம், முதியவர்களுக்குப் போர்வை இல்லை. அறிக்கை ஆங்கிலத்தில் மட்டுமே உள்ளது. விளக்கிச் சொல்ல மருத்துவர் இல்லாத நேரத்தில் வருவோர் திண்டாடுவார்கள்.

அம்பாசமுத்திரம், தென்காசிப் பக்கத்திலிருந்து காலை ரயிலில் வருகிறவர்கள் கிரியாட்டினின் முடிவையும் பழைய படங்களையும் கையோடு கொண்டுவந்து, மருத்துவர் இருக்கும் நேரத்தைத் தொலைபேசியில் கேட்டு முன்பதிவு செய்துகொள்ளுங்கள். ஃபிலிம் மட்டும் போதாது, படங்கள் முழுவதும் பதிந்த குறுந்தகட்டையும் கேட்டு வாங்குங்கள். அறுவை மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.