கச்சானும் வாடையும் கண்ட ஹார்ட் டிஸ்க் கேசிங்

மதர்போர்ட் செயலிழந்த மேசைக் கணினியிலிருந்து கழற்றிய 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க்கை, 2021இலிருந்து ஓர் அலுமினியக் கேசிங்கில் (டிஸ்க்கை யூ.எஸ்.பி. வழியாகக் கணினியோடு இணைக்கும் வெளிப்பெட்டி) போட்டு, திருகோணமலைக்கு அருகே உப்புவெளியில் பாவித்து வருகிறேன். கேசிங் வாங்கப் போகிறவர்கள் பெட்டியில் அச்சிட்டிருக்கும் வேகத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள். நான் பார்க்கச் சொல்வது கூடவே வரும் அடப்டரை.

மடிக்கணினியின் 2.5 அங்குல டிஸ்க்குக்கு 5 வோல்ட் போதும், யூ.எஸ்.பி. வயரே அதைக் கொடுத்துவிடும். மேசைக் கணினியின் 3.5 அங்குல டிஸ்க்குக்கு மோட்டாரைச் சுழற்ற 12 வோல்ட் தனியாக வேண்டும். சுழலத் தொடங்கும் சில நொடிகளில் அது ஏறத்தாழ 2 அம்பியர் வரை இழுக்கும். ஒருமுறை என் மருமகன் அவசரத்துக்கு ரவுட்டரின் அடப்டரை எடுத்துச் செருகினான். அதே 12 வோல்ட், அதே முனை. ஆனால் 1 அம்பியர்தான். விளக்கு எரிந்தது. டிஸ்க் மெல்ல உறுமி, 'டிக்' என்று நின்று, மறுபடி உறுமியது. "மாமா, டிஸ்க் போய்விட்டது" என்று முகம் வெளுத்துப்போனான். சரியான அடப்டரை மாற்றியதும் கோப்புகள் எல்லாம் வந்தன.

2022 மின்வெட்டுக் காலத்தில் இந்த 12 வோல்ட் பெரும் தொல்லையாக இருந்தது. மடிக்கணினி பற்றரியில் ஓடிக்கொண்டிருக்கும், டிஸ்க் மட்டும் நடுவில் அணைந்துவிடும். பிரதி எடுக்கும்போது அப்படி நடந்தால் கோப்பு பழுதாகலாம். மின்சாரம் போனாலும் ரவுட்டர் ஓட வைக்கும் சிறிய யூ.பி.எஸ். பற்றரிப் பெட்டிகளில் பல இந்தத் தொடக்க இழுவையைத் தாங்குவதில்லை.

அடுத்தது சூடு. கச்சான் என்னும் வெப்பமான தென்மேல் காற்று வீசும் மாதங்களில் நீண்ட பிரதி எடுத்தால் டிஸ்க் 50 பாகை செல்சியஸைத் தொடும். தயாரிப்பாளர்கள் பொதுவாக 60 வரை அனுமதிக்கிறார்கள். அலுமினிய உடல் சூட்டை வெளியே விடுகிறது என்பது கை வைத்தாலே தெரியும். டிஸ்க்கை மூடாமல் மேலிருந்து செருகி வைக்கும் டொக் வகை இன்னும் குளிராக இருக்கும்தான், ஆனால் வடகீழ் வாடைக் காலத்து உப்புக் காற்றில் அதை வைக்க எனக்கு மனம் வரவில்லை. மூடிய கேசிங்கிலேயே மூலைத் திருகாணிகள் துருவேறி, ஒன்றின் தலை தேய்ந்து கழற்ற முடியாமல் இருக்கிறது.

வேகத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. யூ.எஸ்.பி. 2.0இல் நொடிக்கு 35 மெகாபைட் அளவில்தான் போகும். 1 டெராபைட் பிரதி எடுக்க எட்டு மணித்தியாலம். 3.0இல் டிஸ்க்கின் வேகமே எல்லை, மூன்று மணித்தியாலத்துக்குள் முடியும். அதற்கு மேல் காசு கொடுப்பது வீண். சும்மா இருந்தால் டிஸ்க் தானாக உறங்கிவிடுகிறது. கோப்புறையைத் திறந்தால் விழிக்கும்வரை காத்திருக்க வேண்டும். இது எனக்கு இன்னும் எரிச்சல்தான்.

கடைக்குப் போகுமுன் டிஸ்க்கின் பின்புறத்தைப் பாருங்கள். ஊசிகள் இரு வரிசையாக நீண்டிருந்தால் அது பழைய ஐ.டி.ஈ. வகை, அதற்குப் பின் வந்த சாட்டா இணைப்புக்கான கேசிங் அதற்குப் பொருந்தாது. சில கேசிங்குகள் டிஸ்க்கின் செக்டர் அளவை, அதாவது தரவு எழுதப்படும் சிறு கூறுகளின் அளவை, மாற்றிக் காட்டும். அப்போது தரவு நிறைந்த டிஸ்க்கையும் ஃபார்மட் செய்யவா என்று விண்டோஸ் கேட்கும். வேண்டாம் என்று மூடிவிட்டு, வேறொரு கேசிங்கிலோ நேரடியாக ஒரு கணினியிலோ செருகிப் பாருங்கள்.