மியூஸ்கோர் ஊதும் பாண்டும் எங்கள் பிள்ளைகள் ஊதும் பாண்டும்

கணினியில் இசைக்குறிப்பு எழுதி, அதைக் கணினியையே வாசிக்கவைக்கும் மென்பொருளான மியூஸ்கோரின் நான்காம் பதிப்பு 2022 டிசம்பரில் வெளிவந்தது. அதற்கு முந்தைய பதிப்பில் பாண்டுக்கு எழுதிய ஸ்கோரை (எல்லா வாத்தியங்களின் பகுதிகளும் சேர்ந்த இசைக்குறிப்பை) ஓடவிட்டு, வரும் சத்தத்தைப் பிள்ளைகளுக்குப் போட்டுக்காட்ட எனக்கு மனமே வராது. ட்ரம்பெட், ட்ரொம்போன் எல்லாம் பழைய கீபோர்ட் ஒன்றிலிருந்து வருவதுபோல் இருக்கும். நான்காம் பதிப்பும் அதோடு இலவசமாகக் கிடைக்கும் மியூஸ் சவுண்ட்ஸ் ஒலித்தொகுப்பும் வந்தபின், திருகோணமலையில் ஒரு பாடசாலை பாண்டுக்கு எழுதும் வேலை முழுவதையும் அதில்தான் செய்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பித்தளை வாத்தியங்களுக்கு கிரெஷெண்டோ, அதாவது சத்தத்தைப் படிப்படியாகக் கூட்டும் குறி, போட்டால் வெறும் சத்தம் மட்டும் கூடுவதில்லை, ஒலியின் நிறமே மாறுகிறது. மெதுவாக ஊதும்போது மங்கலாகவும் பலமாக ஊதும்போது பளீரென்றும் வருகிறது. கிளாரினெட்டுக்கு ஸ்லர், அதாவது சுரங்களை இணைத்து ஊதச் சொல்லும் வளைகோடு, போட்டால் சுரங்கள் உண்மையாகவே ஒன்றோடொன்று இழைகின்றன. எங்கள் பிள்ளைகளில் பலர், கடற்படை பாண்ட் வாசிக்கும் விழாக்களைத் தவிர, முழு பாண்டை நேரில் கேட்டதே இல்லை. இரண்டாம் கிளாரினெட் ஊதும் பிள்ளைக்குத் தன் பகுதியைத் தனியே ஊதிப்பார்த்தால் அது பாட்டாகவே தெரியாது. மிக்சரில் அந்தப் பகுதியைக் கொஞ்சம் உயர்த்தி, மற்றவற்றைத் தணித்து, எம்பி3 ஆக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவேன். அடுத்த பயிற்சிக்கு வரும்போது தான் எங்கே சேர்கிறோம் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கும். இந்த ஒரு பயனுக்காகவே இதை வைத்திருக்கலாம்.

சாக்ஸபோன்தான் பெரிய குறை. மியூஸ் சவுண்ட்ஸ் வெளிவந்தபோது அதில் சாக்ஸபோன் இல்லை. ஆல்ட்டோ, டெனர் சாக்ஸபோன் இரண்டும் மென்பொருளோடு வரும் பழைய அடிப்படை ஒலிக்கே திரும்பிவிடும். ஓர்க்கெஸ்ட்ராவுக்கு எழுதுகிறவருக்கு இது பெரிய விஷயம் இல்லை. பாண்டில் நடுக்குரலைத் தாங்குவதே சாக்ஸபோன்கள்தானே! அதற்கென்று வேறு சவுண்ட்ஃபொண்ட் (வாத்திய ஒலிகள் அடங்கிய கோப்பு) தேடிப் போட்டுச் சமாளித்தேன். ஆனாலும் பக்கத்தில் கிளாரினெட் இழையும்போது சாக்ஸ் மட்டும் ஒட்டாமல் தனியே நிற்கும்.

கொழும்பில் இருக்கும் நண்பர் ஒருவர், வேறு மென்பொருள்களிலும் திறக்கக்கூடிய மியூசிக் எக்ஸ்எம்எல் கோப்பாக நான் அனுப்பிய அதே ஸ்கோரை டோரிக்கோ என்ற இன்னொரு இசை எழுதும் மென்பொருளில் திறந்து, நோட்பெர்போர்மர் என்ற வாசிப்பு மென்பொருள் கொண்டு வாசிக்கவைத்தார். நோட்பெர்போர்மர் ஒரு விநாடி அளவு முன்கூட்டியே ஸ்கோரைப் படித்துவிட்டுத்தான் ஊதத் தொடங்குகிறது. அதனால் ஒரு வரி எங்கே போய் முடியும் என்று தெரிந்து வாசிப்பதுபோல் இருக்கிறது. சாக்ஸபோன், யூபோனியம், கோர்னெட் எல்லாம் அதில் உண்டு. தனித்தனியாகக் கேட்டால் மியூஸ் சவுண்ட்ஸின் ஒலிதான் எனக்கு அழகு. முழு பாண்டாகக் கேட்டால் நோட்பெர்போர்மர்தான் என் காதுக்கு உண்மைக்குக் கிட்ட. ஆனால் அது டொலரில் வாங்கவேண்டியது, மியூஸ்கோரில் ஓடவும் ஓடாது. டோரிக்கோவின் இலவசப் பதிப்பும் எட்டு வாத்தியக்காரர் வரைதான் அனுமதிக்கிறது. அதற்குள் எந்த பாண்டை அடக்குவது?

டவுன்லோட் பற்றியும் ஒரு சொல். எல்லா ஒலிகளையும் எடுத்தால் பல ஜிபி போய்விடும். போன் டேட்டாவில் வாழ்கிறவர்கள் வூட்விண்ட்ஸ் (கிளாரினெட், புல்லாங்குழல் வகை), பிராஸ் (பித்தளை வாத்தியங்கள்), பெர்கஷன் (தாள வாத்தியங்கள்) மூன்றை மட்டும் எடுத்தால் போதும். 8 ஜிபி ரேம் உள்ள என் லாப்டொப்பில் பெரிய ஸ்கோர் ஓடும், ஆனால் திறப்பதற்குள் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்துவிடலாம்.

சரி, அழகாக ஒலிப்பதை எவ்வளவு தூரம் நம்பலாம்? புல்லாங்குழலின் கீழ் ஸ்தாயி இயல்பிலேயே மெலிந்தது. மென்பொருளிலோ அது ட்ரொம்போன்களுக்கு மேலாகத் தெளிவாகக் கேட்கும், ஏனென்றால் அவை ஸ்டூடியோவில் தனித்தனியாகப் பதிந்த ஒலிகள். எங்கள் ஊர் மெக்கெய்சர் மைதானத்தில், திறந்த வெளியில், அதை வாசித்தால் பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்காது. அதனால் வெளியில் வாசிக்கும் உருப்படிகளில் புல்லாங்குழலை ஒரு ஸ்தாயி மேலே தூக்கிவிடுகிறேன், திரையில் அது எவ்வளவு கீச்சிட்டாலும்.

இன்னொன்று மூச்சு. கணினி ட்ரம்பெட் பக்கம் முழுக்க உச்ச சுரத்தில் நின்று ஊதும், களைக்காது. ஒரு ஒலிப்பதிவைக் கேட்டுவிட்டுத் தரம் 9 பிள்ளை ஒருவர், "சேர், இதில மூச்சு எங்க எடுக்கிறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இப்போது மூச்சுக் குறிகள் எல்லாவற்றுக்கும் சின்ன இடைநிறுத்தம் கொடுத்துத்தான் எம்பி3 எடுக்கிறேன். வாசிப்பின் வழவழப்பு கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

வெயிலைப் பற்றி எந்த மென்பொருளும் யோசிப்பதில்லை. சுருதி சேர்க்கும் ஏ சுரம் அதில் எந்த வெயிலிலும் 440 ஹேர்ட்ஸ்தான். காற்றின் வெப்பம் ஒரு பாகை கூடினால் ஊதுகருவியின் சுருதி சுமார் 3 சென்ட் ஏறும், ஒரு செமிடோன், அதாவது பியானோவில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளின் இடைவெளி, என்பது 100 சென்ட். வாசிப்பவரின் மூச்சே குழலைச் சூடாக்கி வைத்திருப்பதால் கணக்குப்படி முழுதாக ஏறாது என்றாலும், கச்சான் என்ற வெப்பக் காற்று வீசும் ஜூன், ஜூலையில் நண்பகல் பயிற்சிக்கு நின்றால் வித்தியாசம் நன்றாகவே கேட்கும். ட்ரம்பெட்டை ஸ்லைடை இழுத்துச் சரிப்படுத்தலாம். பெல் லைரா உலோகத் தட்டுகளால் ஆனது, அதைச் சரிப்படுத்த வழி இல்லை. திரையில் இரண்டும் ஒரே மெட்டை வாசிக்கும்போது எவ்வளவு இனிமையாக இருந்தாலும், வெளி நிகழ்ச்சிக்கு எழுதும்போது இரண்டையும் சேர்க்காமல் பெல் லைராவை ட்ரம்பெட் ஓயும் இடங்களுக்கு மாற்றிவிடுகிறேன்.