பித்தளைச் சருவத்துக்கு ஈயம் பூச டவுனில் ஒரு கடை

சருவத்தின் உட்புறம் ஈயம் தேய்ந்து மஞ்சள் தெரியத் தொடங்கினால் அதில் கூட்டாஞ்சோறு ஆக்கக் கூடாது. புளி பட்டதும் களிம்பு ஊறும், சாப்பிட்டவர்களுக்குக் குமட்டும். எங்கள் வீட்டுச் சருவம் அந்த நிலைக்கு வந்ததால் திருநெல்வேலி டவுனுக்குக் கொண்டுபோனேன். நெல்லையப்பர் கோயில் ரத வீதியிலிருந்து பிரியும் சந்தில் இருக்கிறது கடை. பெயர்ப்பலகை கிடையாது, பாத்திரக் கடைகளில் கேட்டால் வழி சொல்வார்கள்.

நான் வேதியியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பாத்திரத்தைக் கொடுத்துவிட்டுக் கடைத்தெருவைச் சுற்ற மனம் வரவில்லை. முக்காலி கேட்டு உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் மணல் போட்டுத் தேய்த்தார்கள். அது வெறும் உராய்வு. பித்தளை பித்தளையாகவே இருக்கிறது. அடுத்து ஆசிட் தண்ணீர். அதில் கறுப்பாகப் படிந்திருந்த ஆக்சைடு கரைந்துபோனது. அது வேதியியல் மாற்றம். பிறகு சிரட்டைக் கரி அடுப்பில் சருவத்தைச் சாய்த்து வைத்து, "தள்ளி உட்காருங்கள் டீச்சர், புகை அடிக்கும்" என்றபடி அண்ணாச்சி நவச்சாரப் பொடியை, அதாவது அம்மோனியம் குளோரைடைத் தூவினார்.

வெள்ளைப் புகை எழுந்தது. நெடி மூக்கைத் துளைத்தது. திரும்பப் பெற முடிந்தால் இயற்பியல் மாற்றம், முடியாவிட்டால் வேதியியல் மாற்றம் என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்து வருவார்கள். அவர்களை இந்த அடுப்படியில் உட்கார வைக்க வேண்டும். நவச்சாரம் சூட்டில் அம்மோனியாவாகவும் ஹைட்ரஜன் குளோரைடாகவும் பிரிகிறது. மிச்சமிருக்கும் ஆக்சைடைத் தின்று உலோகத்தைப் பளிச்சென்று ஆக்குவது இந்த இரண்டாமவர்தான். வேலை கிடைக்காத மீதி, சற்று மேலே ஆறிய காற்றில் அம்மோனியாவோடு மறுபடி சேர்ந்து பழைய நவச்சாரமாகவே புகைகிறது. போனது திரும்பிவிட்டது, ஆனாலும் நடந்தது வேதியியல் மாற்றம். இதைப் பதங்கமாதல், அதாவது திடப்பொருள் உருகாமல் நேரே ஆவியாவது, என்று கற்பூரத்தோடு ஒரே வரியில் சேர்த்துப் பாடம் நடத்துவது எனக்கு என்றுமே பிடித்ததில்லை. அதே அடுப்பில் கிடந்த சிரட்டையைப் பாருங்கள்: உடைத்தால் ஒட்டாது, ஆனாலும் அது இயற்பியல் மாற்றம், கரியாக்கினால்தான் வேதியியல் மாற்றம். புதுப் பொருள் உண்டானதா என்றுதான் கேட்க வேண்டும்.

இனி ஈயம். பூசுவது வெள்ளீயம் (டின்), 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். குச்சியைச் சூடான சருவத்தில் தொட்டதும் பாதரசம் போல ஓடியது. பஞ்சால் ஒரே இழுப்பில் சுற்றிலும் பரப்பினார். உருகுவதும் உறைவதும் இயற்பியல் மாற்றம்தான். ஆனால் பித்தளையைத் தொடும் இடத்தில் அதிலுள்ள செம்பும் இந்த ஈயமும் கூடி மெல்லிய புதுச் சேர்மமாகிவிடும். பூச்சு உரியாமல் பிடித்து நிற்பது அதனால்தான்.

நச்சு உலோகமான காரீயம் (லெட்) கலக்கவில்லையே என்று கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளாமல் ஒரு குச்சியை என் காதருகே வளைத்துக் காட்டினார். கறகறவென்று முனகியது. சுத்தமான வெள்ளீயம் வளையும்போது உள்ளே படிகங்கள் நெரிபடும் சத்தம் அது; காரீயம் வாய் திறக்காது. இந்த ஒன்றுக்காகவே கடையைச் சிபாரிசு செய்வேன்.

குறைகள் இல்லாமல் இல்லை. மதியம் தருவதாகச் சொன்ன பாத்திரம் சாயங்காலம்தான் கிடைத்தது. கழுத்துப் பகுதியில் பூச்சு மெலிதாக இருந்தது. சொன்ன பிறகு மறுபடி சூடாக்கிச் சரிசெய்தார். வெளிப்புறக் கரியைத் தேய்க்கத் தனிக்கூலி கேட்டார், நான் தரவில்லை. வீட்டிலேயே புளி போட்டுத் தேய்த்துக்கொண்டேன். மூச்சிரைப்பு உள்ளவர்கள் பாத்திரத்தைக் கொடுத்துவிட்டு உடனே நகர்ந்துவிடுவது நல்லது. கூலி 350 ரூபாய், ரசீது கிடையாது. ரசம் வைக்கும் ஈயச்சொம்பை வெறுமனே அடுப்பில் வைத்து ஓட்டையாக்கியவர்களும் கொண்டு போகலாம், அடைத்துத் தருகிறார்.