தாளிசாதி சூரணம்: இலை 1 பங்கு, சர்க்கரை 32 பங்கு

வறட்டு இருமலுக்கு இது கேட்கிறது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படுக்கும் முன் அரை ஸ்பூன் எடுத்துத் தேனில் குழைத்து மெல்ல நக்கிச் சாப்பிட்டால் தொண்டைக் கமறல் அடங்கித் தூக்கம் வருகிறது. நெஞ்சில் கட்டிய சளிக்குப் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. ருசி அபாரம், பிள்ளைகள் டப்பாவைத் தேடி வந்துவிடுகிறார்கள்.

அந்த ருசி எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். நான் வாங்கியது ஆயுர்வேத முறைச் சூரணம். அதில் தாளிசபத்திரி 1 பங்கு, மிளகு 2, சுக்கு 3, திப்பிலி 4, மூங்கிலுப்பு 5, ஏலக்காயும் லவங்கப்பட்டையும் அரை அரை, அப்புறம் சர்க்கரை 32. ஆக மொத்தம் 48 பங்கில் மூன்றில் இரண்டு சர்க்கரை! இமயமலையில் 3,000 மீட்டர் உயரத்துக் குளிரிலும் பச்சை மாறாமல் நிற்கிற ஃபிர் மரத்தின் ஊசியிலைதான் தாளிசபத்திரி, பெயர் அதற்கு, வேலை செய்வது பெரும்பாலும் சுக்கு மிளகு திப்பிலி என்பது என் எண்ணம். சர்க்கரை நோயாளிகள் உஷார், டப்பாவின் முன்பக்கத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது, பின்னால் பொடி எழுத்தில்தான் இருக்கிறது. சித்த மருத்துவத் தாளிசாதிக்குச் சரக்குப் பட்டியல் வேறு, அதையும் படித்துவிட்டே வாங்குங்கள்.

சர்க்கரை வேண்டாம், இலையையே வாங்கிக் கஷாயம் வைக்கலாமே என்று தோன்றும். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும்தான், ஆனால் நான் வாங்க மாட்டேன். யூ (yew) என்ற வேறொரு ஊசியிலை மரத்தின் இலையும் இதே தாளிசபத்திரி என்ற பெயரில் சந்தையில் ஓடுகிறது, அதில் இருக்கும் டாக்சைன் (taxine) என்ற பொருள் இதயத்தைப் பாதிக்கும் விஷம். யூ மரத்திலிருந்துதானே புற்றுநோய் மருந்து பாக்லிடாக்சல் வந்தது என்று சிலர் கிளம்புவார்கள், அது பிரித்தெடுத்து அளந்து ஆஸ்பத்திரியில் நரம்பில் ஏற்றுவது, அடுப்பில் கொதிக்க வைப்பது அல்ல. ஃபிர் இலைக்கு அடிப்பக்கம் இரண்டு வெள்ளைக் கோடு ஓடும், நுனி லேசாகப் பிளந்திருக்கும், யூ இலைக்கு நுனி கூர், அந்த வெள்ளைக் கோடு இருக்காது. காய்ந்து நொறுங்கிய பொட்டலத்தில் இதையெல்லாம் யார் பார்ப்பது? அதனால் உரிம எண் அச்சிட்ட டப்பாவே போதும் என்று விட்டுவிட்டேன்.

மூடி மட்டும் மகா மட்டம். மழைக்காலத்தில் சூரணம் கட்டி தட்டிவிடுகிறது, வாங்கியதும் கண்ணாடிப் புட்டிக்கு மாற்றிவிடுங்கள்.